பல்கட்ட உயர்வலிமை எஃகுத் தகடு

பல்கட்ட உயர்வலிமை எஃகுத் தகடு என்பது, ஒன்றுக்கு மேற்பட்ட படிகக் கட்டங்கள் நுண்ணிய அளவில் கலந்திருக்கும்படி வெப்பப் பதம் செய்யப்பட்ட மெல்லிய எஃகுத் தகடு ஆகும். மென்மையான கட்டம் ஒன்றும் கடினமான கட்டம் ஒன்றும் அருகருகே இருப்பதால், இத்தகடு பிரஸ்ஸில் எளிதில் வளைந்து கொடுத்து, வளைந்த பின்னர் மிகுந்த வலிமை பெறுகின்றது. தானுந்துகளின் தூண்கள், கதவுகளின் உள்ளே அமையும் குறுக்குக் கம்பிகள், மோதலைத் தாங்கும் முன்பகுதிச் சட்டங்கள், இருக்கைச் சட்டங்கள் ஆகியவற்றில் இது பயன்படுகின்றது. இந்தியாவில் குளிர்நிலையில் உருட்டிய எஃகுத் தகடுகளுக்கான தர விதியாகிய ஐ.எஸ். 513, 2016ஆம் ஆண்டில் இரண்டு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அதன் இரண்டாம் பகுதி உயர் இழுவலிமை எஃகுகளையும் பல்கட்ட எஃகுகளையும் பற்றியது.

இத்தகடுகளைச் சாதாரண எஃகிலிருந்து பிரித்துக் காட்டுவது அவற்றின் வேதியியல் கலவை அன்று. கலவையில் வேறுபாடு சிறிதே. அவை நெகிழத் தொடங்கும் விதமும், அதற்குக் காரணமான நுண்கட்டமைப்புமே முதன்மையான வேறுபாடுகள் ஆகும்.

நெகிழ்வுப் புள்ளி

ஓர் எஃகுப் பட்டையை இரு முனைகளிலும் பிடித்து இழுத்தால், முதலில் அது மீள்தன்மையுடன் நீளும். விட்டவுடன் பழைய நீளத்திற்குத் திரும்பும். இழுப்பு ஓர் அளவைக் கடந்ததும் நீட்சியின் ஒரு பகுதி நிலையாகத் தங்கிவிடும். அவ்வாறு தங்கத் தொடங்கும் தகைவே நெகிழ்வு வலிமை எனப்படுகின்றது. பட்டறைகளில் இது "ஈல்டு" என்றே வழங்குகின்றது. பட்டை அறுவதற்கு முன் தாங்கும் மிகுந்த தகைவு இழுவலிமை ஆகும். இரண்டும் மெகாபாசுக்கல் என்னும் அலகில் அளக்கப்படுகின்றன. ஒரு மெகாபாசுக்கல் என்பது ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்பில் ஏறத்தாழ நூறு கிராம் எடையைத் தொங்கவிடுவதற்குச் சமம். ஆகவே 600 மெகாபாசுக்கல் இழுவலிமை உள்ள தகட்டில், ஒரு சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள இழை ஓர் ஆளின் எடையைத் தாங்கும்.

அணுக்களின் நிலையில் பார்த்தால், நெகிழ்வு என்பது படிகத்தின் ஓர் அடுக்கு மற்றோர் அடுக்கின் மீது வழுக்கிச் செல்வதாகும். ஆனால் முழு அடுக்கும் ஒரே நேரத்தில் வழுக்குவதில்லை. அவ்வாறு வழுக்க வேண்டுமானால் எஃகின் வலிமை இப்போது இருப்பதைப் போலப் பல மடங்கு இருக்க வேண்டும். படிகத்தினுள் டிஸ்லொகேஷன் எனப்படும் வரிப்பிறழ்வுகள் உள்ளன. பெரிய சமுக்காளத்தை இழுத்து நகர்த்துவது கடினம். அதன் ஓர் ஓரத்தில் மடிப்பு ஒன்றை உண்டாக்கி அம்மடிப்பை மறு ஓரம் வரை தள்ளிச் சென்றால் சமுக்காளம் எளிதில் சிறிது நகர்ந்துவிடும். வரிப்பிறழ்வு என்பது அத்தகைய மடிப்பு எனலாம். எஃகை வலுப்படுத்தும் எல்லா வழிகளும் இம்மடிப்புகள் நகர்வதைத் தடுக்கும் வழிகளே.

தடைகளுள் நன்கு அறியப்பட்டது படிக மணிகளின் எல்லையாகும். மணி சிறிதாகச் சிறிதாக நெகிழ்வு வலிமை கூடும் என்பதை ஈ. ஓ. ஹால் 1951இலும் என். ஜே. பெட்ச் 1953இலும் காட்டினர். வலிமை கூடும் அளவு, மணியின் விட்டத்தின் இருமடி மூலத்திற்கு எதிர்விகிதத்தில் அமைகின்றது. மணியின் விட்டத்தை நான்கில் ஒன்றாகக் குறைத்தால், மணி எல்லைகளால் வரும் வலிமை இரு மடங்காகும்.

மென்னெஃகும் லூடர்சு பட்டைகளும்

பல்கட்ட எஃகின் சிறப்பை அறிய, முதலில் சாதாரண மென்னெஃகு எவ்வாறு நெகிழ்கின்றது என்பதை அறிதல் வேண்டும். மென்னெஃகை இழுக்கும்போது தகைவு ஓர் உச்சத்தை அடைந்து, திடீரென்று சற்று இறங்கி, பின்னர் சிறிது தூரம் கூடாமலும் குறையாமலும் செல்லும். உச்சத்தை மேல் நெகிழ்வுப் புள்ளி என்றும், இறங்கிய நிலையைக் கீழ் நெகிழ்வுப் புள்ளி என்றும் அழைப்பர். இந்தச் சமதளப் பகுதியில் பட்டை முழுவதும் ஒரே சீராக நீள்வதில்லை. சாய்வான பட்டை ஒன்று ஓரிடத்தில் தோன்றி, அது அகன்று அகன்று முழு நீளத்திற்கும் பரவுகின்றது. 1860ஆம் ஆண்டில் இதை விவரித்த லூடர்சு என்பவரின் பெயரால் இவை லூடர்சு பட்டைகள் எனப்படுகின்றன. பிரான்சு நாட்டின் பியோபேர் அதற்கும் முன்னரே, 1842இல், இவற்றைக் கண்டிருந்தார்.

இதன் காரணத்தை 1949இல் காட்ரெல், பில்பி ஆகிய இருவரும் விளக்கினர். எஃகில் கரைந்துள்ள கரிம, நைட்ரசன் அணுக்கள் மிகச் சிறியவை. அவை இரும்பு அணுக்களின் இடைவெளிகளில் நகர்ந்து சென்று வரிப்பிறழ்வுகளின் அருகே கூடிவிடுகின்றன. வரிப்பிறழ்வு அங்கேயே பூட்டப்படுகின்றது. பூட்டை உடைக்க மிகுந்த தகைவு தேவை. உடைந்த பின் நகர்த்தக் குறைந்த தகைவே போதும். ஓரிடத்தில் பூட்டு உடைந்ததும் அவ்விடம் மட்டும் விரைந்து நெகிழ்கின்றது. அதுவே பட்டையாகத் தெரிகின்றது.

இது வெறும் ஆய்வுக்கூடச் செய்தி அன்று. பீரோ, குளிர்பதனப் பெட்டி, தானுந்துக் கதவு போன்றவற்றின் தகட்டில் இப்பட்டைகள் புழு ஊர்ந்தது போன்ற கோடுகளாக விழும். வண்ணம் பூசினாலும் மறையா. இதைத் தவிர்க்க, ஆலையில் தகட்டை அனீலிங் செய்த பிறகு ஏறத்தாழ ஒரு விழுக்காடு மட்டும் குறையும்படி மெல்ல உருட்டி, பூட்டு இல்லாத புதிய வரிப்பிறழ்வுகளை உண்டாக்குவர். ஆனால் அதன் பயன் நிலையானது அன்று. கரிம அணுக்கள் மெதுவாக மீண்டும் வந்து பூட்டிவிடும். இதற்குத் திரிபு மூப்பு என்று பெயர். ஐரோப்பியத் தர விதிகளில் சில வகைத் தகடுகளுக்கு மூன்று மாதம், சிலவற்றுக்கு ஆறு மாதம் எனக் கெடு குறிக்கப்பட்டிருப்பது இதனால்தான். வெப்பநிலை கூடினால் மூப்பு விரையும். 10 °செ இல் கரிம அணு நகரும் வேகத்தை விட 38 °செ இல் அது பத்து மடங்குக்கும் மேல் விரைவாக நகர்கின்றது. கோடையில் ஈரோட்டிலோ கரூரிலோ தகரக் கூரை போட்ட கிடங்கில் கிடக்கும் தகடு, குளிர்நாட்டுக் கிடங்கில் கிடக்கும் தகட்டை விட மிக முன்னதாகவே மூப்படைந்துவிடும். பழைய சரக்கு முதலில் வெளியேற வேண்டும் என்னும் கிடங்கு வழக்கத்திற்கு இது ஓர் உலோகவியல் காரணம் ஆகும்.

கட்டங்கள்

கட்டம் என்பது ஒரே படிக அமைப்பும் ஏறக்குறைய ஒரே கலவையும் உடைய பகுதியைக் குறிக்கும். தகட்டெஃகில் காணப்படும் கட்டங்களில் பின்வருவன முதன்மையானவை.

பெர்ரைட்டு: அறை வெப்பநிலையில் இரும்பின் இயல்பான வடிவம். மென்மையானது, எளிதில் நெகிழும். கரிமத்தை ஏறத்தாழ ஏற்பதே இல்லை எனலாம். மிகுந்து போனால் 0.02 விழுக்காடு.

ஆசுட்டெனைட்டு: உயர் வெப்பநிலையில் உருவாகும் வடிவம். இதன் படிகத்தில் இடைவெளிகள் பெரியவை ஆதலால் 2 விழுக்காடு வரை கரிமத்தைக் கரைத்து வைத்துக்கொள்ளும். காந்தத்தால் ஈர்க்கப்படுவதில்லை.

மார்ட்டென்சைட்டு: ஆசுட்டெனைட்டை மிக விரைந்து குளிர்வித்தால், கரிமம் வெளியேற நேரமின்றிச் சிக்கிக்கொண்டு படிகமே இழுபட்டு உருவாகும் கட்டம். மிகக் கடினமானது. கொல்லர் பழுக்கக் காய்ச்சிய அரிவாளைத் தண்ணீரில் தோய்க்கும்போது வாய்ப்பகுதியில் உண்டாவது இதுவே. செருமானிய உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டென்சின் பெயரால் வழங்குகின்றது.

பெயினைட்டு: குளிர்விக்கும் வேகம் இடைப்பட்டதாக இருந்தால் உருவாவது, கடினத்திலும் இடைப்பட்டது.

இவற்றைக் காண, தகட்டின் வெட்டுமுகத்தைக் கண்ணாடி போல மெருகேற்றி, சாராயத்தில் இரண்டு விழுக்காடு நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டல் என்னும் கரைசலால் அரிக்கச் செய்து நுண்ணோக்கியில் பார்ப்பர். இருகட்ட எஃகில் வெளிர்நிறப் பெர்ரைட்டுப் பரப்பினிடையே மார்ட்டென்சைட்டு தீவுகள் போலத் தெரியும்.

இருகட்ட எஃகு

பல்கட்ட எஃகுகளுள் மிகுதியாகப் பயன்படுவது இருகட்ட எஃகு. இது பெர்ரைட்டும் மார்ட்டென்சைட்டும் மட்டும் உடையது. 1970களில் உலகில் எரிபொருள் விலை ஏறியபோது, எடை குறைந்த தானுந்துகளைச் செய்யும் தேவை எழுந்தது. 1975இல் சப்பான் நாட்டின் ஹயாமி, ஃபுருகாவா ஆகியோரும், 1976இல் அமெரிக்காவின் செனரல் மோட்டார்சு நிறுவனத்தைச் சேர்ந்த ரஷீதும் இவ்வகை எஃகைப் பற்றி வெளியிட்ட கட்டுரைகள் தொழில்துறையின் கவனத்தை ஈர்த்தன. எனினும் தானுந்துகளில் இது பரவலாவதற்கு மேலும் இருபது ஆண்டுகள் ஆயின.

தயாரிப்பு முறை எளிமையானது போலத் தோன்றும். ஏறத்தாழ 0.1 விழுக்காடு கரிமமும் 1.5 முதல் 2.5 விழுக்காடு வரை மாங்கனீசும் உள்ள எஃகுத் தகட்டை 750 முதல் 850 °செ வரையிலான ஒரு வெப்பநிலையில் வைக்கின்றனர். இவ்வெப்பநிலையில் எஃகின் ஒரு பகுதி பெர்ரைட்டாகவும் மறு பகுதி ஆசுட்டெனைட்டாகவும் இருக்கும். பெர்ரைட்டு கரிமத்தை ஏற்காததால், தகட்டில் உள்ள கரிமம் முழுவதும் ஆசுட்டெனைட்டில் சேர்ந்துவிடும். பின்னர் விரைந்து குளிர்வித்தால் ஆசுட்டெனைட்டு மார்ட்டென்சைட்டாக மாறும். பெர்ரைட்டு அப்படியே இருக்கும்.

இங்கே ஒரு சிறு கணக்கு பயனுடையது. தகட்டில் சராசரி கரிமம் 0.1 விழுக்காடு என்றும், ஆசுட்டெனைட்டு ஐந்தில் ஒரு பங்கு என்றும் கொண்டால், அந்த ஆசுட்டெனைட்டில் கரிமம் ஏறத்தாழ 0.5 விழுக்காடு. உலை வெப்பநிலையைக் கூட்டி ஆசுட்டெனைட்டை ஐந்தில் இரண்டு பங்காக்கினால் அதில் கரிமம் 0.25 விழுக்காடாகக் குறையும். மார்ட்டென்சைட்டின் கடினம் அதில் உள்ள கரிமத்தைப் பொறுத்தது. ஆகவே உலையின் வெப்பநிலை சற்று மாறினாலும் கடினமான கட்டத்தின் அளவும் கடினமும் எதிரெதிர்த் திசைகளில் மாறுகின்றன. ஒரே கலவையிலிருந்து வெவ்வேறு வலிமையுள்ள தகடுகளைச் செய்ய முடிவதும், ஒரே சுருளின் இரு முனைகளில் வலிமை வேறுபடும் இடர்ப்பாடும் இதனாலேயே. இதற்குத் தொடர் அனீலிங் என்னும் நீண்ட உலை வரிசை தேவை. இந்தியாவில் டாட்டா ஸ்டீலும் சப்பானின் நிப்பான் ஸ்டீலும் இணைந்து ஜாம்ஷெட்பூரில் அமைத்த வரிசை 2014இல் இயங்கத் தொடங்கியது.

நெகிழ்வுப் புள்ளி மறையும் காரணம்

இருகட்ட எஃகை இழுத்தால் மேல் நெகிழ்வுப் புள்ளியும் இல்லை, சமதளமும் இல்லை, லூடர்சு பட்டையும் இல்லை. வளைகோடு இடையறாது வழுவழுப்பாக ஏறுகின்றது. நெகிழ்வு எங்கே தொடங்கியது என்று கண்ணால் சொல்ல இயலாது. எனவே 0.2 விழுக்காடு நிலையான திரிபு தங்கும் தகைவையே நெகிழ்வு வலிமையாகக் கொள்கின்றனர். இந்திய இழுவைச் சோதனை விதியாகிய ஐ.எஸ். 1608இலும் இம்முறை உண்டு.

ஆசுட்டெனைட்டு மார்ட்டென்சைட்டாக மாறும்போது அதன் பருமன் ஏறத்தாழ மூன்று விழுக்காடு பெருக்கின்றது. ஏற்கனவே குளிர்ந்துவரும் பெர்ரைட்டின் நடுவே ஒவ்வொரு தீவும் திடீரென்று வீங்குவதால், சுற்றியுள்ள பெர்ரைட்டு நசுங்குகின்றது. அந்நசுங்கலில் எண்ணற்ற புதிய வரிப்பிறழ்வுகள் பிறக்கின்றன. இவை பிறந்தது குறைந்த வெப்பநிலையில். கரிம அணுக்கள் வந்து பூட்டுவதற்கு நேரமில்லை. ஆகவே இழுக்கத் தொடங்கியவுடனேயே, தகடு முழுவதும் எண்ணற்ற இடங்களில் ஒரே நேரத்தில் நெகிழ்வு தொடங்கிவிடுகின்றது. வீங்கிய தீவுகள் விட்டுச்சென்ற உள் தகைவுகளும் இதற்கு உதவுகின்றன. ஆலையில் தனியாக மெல்ல உருட்டிப் பெற வேண்டியதை, இவ்வெஃகு குளிரும்போதே தானாகச் செய்துகொள்கின்றது எனலாம்.

அதன் பின்னர் நிகழ்வது இன்னும் பயனுள்ளது. மென்மையான பெர்ரைட்டு நெகிழ, கடினமான தீவு நெகிழ மறுக்கின்றது. இரண்டும் ஒட்டியிருப்பதால் எல்லையில் வரிப்பிறழ்வுகள் குவிகின்றன. சுமை படிப்படியாகத் தீவுகளுக்கு ஏறுகின்றது. எனவே முதல் சில விழுக்காடு திரிபிலேயே வலிமை மிக விரைவாகக் கூடுகின்றது. 600 மெகாபாசுக்கல் இழுவலிமை உள்ள இருகட்டத் தகட்டின் நெகிழ்வு வலிமை ஏறத்தாழ 350 அளவிலேயே இருக்கும். அதே இழுவலிமை உடைய, நுண்கலப்புச் சேர்த்த பழைய வகை உயர்வலிமை எஃகிலோ நெகிழ்வு வலிமை 500ஐ எளிதில் தாண்டும். முதலாவது பிரஸ்ஸுக்குள் மென்மையாகச் சென்று வலிமையாக வெளிவருகின்றது.

வண்ணம் பூசிய பிறகு தானுந்தின் உடல் ஏறத்தாழ 170 °செ இல் இருபது நிமிடம் சூடாக்கப்படுகின்றது. அப்போது கரிம அணுக்கள் இறுதியாக வந்து வரிப்பிறழ்வுகளைப் பூட்டுகின்றன. மென்னெஃகில் பகையாக இருந்த மூப்பு, இங்கே வேலை முடிந்த பிறகு வருவதால் நண்பன் ஆகிவிடுகின்றது. பிரஸ்ஸில் இரண்டு விழுக்காடு நெகிழ்ந்ததும் இச்சூடும் சேர்ந்து நெகிழ்வு வலிமையை நூறு மெகாபாசுக்கலுக்கும் மேல் உயர்த்துகின்றன. விபத்தில் தகடு காட்டும் வலிமை, ஆலைச் சான்றிதழில் அச்சிட்ட எண் அன்று. இவ்வாறு உயர்ந்த எண்ணே.

உருமாறும் ஆசுட்டெனைட்டும் எவர்சில்வரும்

வேறொரு வகையில், சிறிது ஆசுட்டெனைட்டு மாறாமல் அறை வெப்பநிலை வரை எஞ்சியிருக்கும்படி செய்யப்படுகின்றது. தகடு நெகிழும்போது அந்த ஆசுட்டெனைட்டு மார்ட்டென்சைட்டாக மாறும். எங்கே தகடு மிகுதியாக மெலிகின்றதோ அங்கேயே கடினமான கட்டம் முளைப்பதால், கழுத்துப் போல் குறுகி அறுவது தள்ளிப்போகின்றது. இவ்விளைவை 1967இல் அமெரிக்காவின் சாக்கே குழுவினர் மிகுந்த கலப்புள்ள எஃகுகளில் காட்டினர். மலிவான தகடுகளில் இதைப் பெற, ஏறத்தாழ 1.5 விழுக்காடு சிலிக்கான் சேர்த்து, 400 °செ அருகே சில நிமிடம் நிறுத்தி வைக்கின்றனர். அப்போது பெயினைட்டு உருவாக, மீதமுள்ள ஆசுட்டெனைட்டில் கரிமம் செறிந்து அது நிலைபெறுகின்றது.

இவ்விளைவைக் காண ஆய்வுக்கூடம் தேவையில்லை, சமையலறை போதும். வீடுகளில் எவர்சில்வர் எனப்படும் துருவேறா எஃகின் பல வகைகள் ஆசுட்டெனைட்டுக் கட்டம் உடையவை. அத்தகடு காந்தத்தில் ஒட்டாது. ஆனால் அதே தகட்டிலிருந்து ஆழமாக இழுத்துச் செய்த குவளை அல்லது தூக்குவாளியின் விளிம்பிலும் வளைவிலும் சிறு காந்தம் மெல்ல ஒட்டுவதைக் காணலாம். இழுபட்ட இடத்தில் மார்ட்டென்சைட்டு முளைத்திருப்பதே காரணம். காந்தம் ஒட்டினால் போலி எவர்சில்வர் என்று கடைகளில் சொல்லப்படுவது எப்போதும் சரியன்று.

நிக்கல் குறைத்து மாங்கனீசு கூட்டிய மலிவு வகைகளில் இம்மாற்றம் ஒரு தொல்லையும் தருகின்றது. ஆழமாக இழுத்த பாத்திரம் பிரஸ்ஸிலிருந்து நல்ல நிலையில் வந்து, சில மணியோ சில நாளோ கழித்து விளிம்பிலிருந்து நேர்க்கோடாகத் தானே பிளக்கும். மார்ட்டென்சைட்டு, தங்கிய உள் தகைவு, எஃகில் உள்ள சிறிதளவு ஐதரசன் ஆகிய மூன்றும் சேர்வதே காரணம். இடையில் ஒரு முறை அனீலிங் செய்தால் இது தவிர்க்கப்படும். ஆனால் செலவு கூடும். 1,000 மெகாபாசுக்கலைத் தாண்டும் தானுந்துத் தகடுகளிலும் இதே ஐதரசன் பிளவு அஞ்சப்படுகின்றது.

துருவேறா எஃகுத் தகடுகளை உருட்டும் ஆலைகளுள் ஒன்று சேலம் உருக்காலை. இது கஞ்சமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ளது.

பிற வகைகள்

பெயினைட்டு மிகுந்த பன்மக் கட்ட எஃகு, முழுவதும் மார்ட்டென்சைட்டாகிய எஃகு, சூடாக அழுத்திச் செய்யும் போரான் எஃகு ஆகியவையும் உள்ளன. கடைசியாகக் குறித்தது 900 °செக்கு மேல் காய்ச்சப்பட்டு, குளிர்ந்த அச்சுக்குள்ளேயே அழுத்தி விரைந்து குளிர்விக்கப்படுகின்றது. 1,500 மெகாபாசுக்கல் வலிமை பெறுகின்றது. சுவீடனில் உருவான இம்முறை 1984இல் சாப் 9000 தானுந்தின் கதவுக் குறுக்குக் கம்பிகளில் பயன்பட்டது. விரைந்து குளிர்வித்த பின் மீண்டும் சிறிது சூடாக்கி, கரிமத்தை மார்ட்டென்சைட்டிலிருந்து ஆசுட்டெனைட்டுக்கு நகர்த்தும் முறையை 2003இல் ஜான் ஸ்பியர் குழுவினர் முன்வைத்தனர்.

கொங்கு நாட்டின் பழைய எஃகு

கடினமான துகளையும் மென்மையான பரப்பையும் சேர்த்து வலிமை பெறுவது புதிய எண்ணம் அன்று. கொடுமுடிக்கு அருகே காவிரியில் கலக்கும் நொய்யல் ஆற்றின் கரையில், மேற்கே அமைந்துள்ள கொடுமணலில் 1985 முதல் பல பருவங்களில் அகழாய்வுகள் நடைபெற்றன. அங்கே இரும்பு உருக்கிய உலைகளும், மூசைகளைக் கொண்டு எஃகு செய்ததற்கான சான்றுகளும் கிடைத்துள்ளன. மூசையில் இரும்பையும் கரிமப் பொருளையும் அடைத்துக் காய்ச்சிப் பெறும் இவ்வகை எஃகு பிற்காலத்தில் ஐரோப்பியரால் "ஊட்ஸ்" எனப்பட்டது. இச்சொல் "உருக்கு" அல்லது கன்னட "உக்கு" என்பதிலிருந்து வந்தது என்பது பரவலான கருத்து. சேலம் பகுதியின் காந்த இரும்புத்தாதுவும் இத்தொழிலுக்கு ஊட்டமாக இருந்தது.

ஊட்ஸ் எஃகில் கரிமம் 1 முதல் 2 விழுக்காடு. மிகுந்த கரிமம் சிமென்டைட்டு என்னும் கடினமான கார்பைடுத் துகள்களாகப் பிரிந்திருக்கும். வாளாக அடிக்கும்போது இத்துகள்கள் வரிசைகளாக அமைந்து மேற்பரப்பில் அலைக்கோலம் தருகின்றன. வனேடியம் போன்ற தனிமங்கள் மிகச் சிறிதளவு இருப்பதே இவ்வரிசைகளுக்குக் காரணம் என அமெரிக்காவின் வெர்ஹோவனும் பெண்ட்ரேயும் 1990களில் காட்டினர். ஆயினும் ஊட்ஸை இன்றைய பல்கட்டத் தகட்டின் முன்னோடி என்று கூறுவது மிகைப்படுத்தலாகும். ஊட்ஸின் துகள்கள் கூர்மைக்காக உள்ளவை. அதைத் தகடாக்கி ஆழமாக இழுத்தால் பிளந்துவிடும். இருகட்டத் தகட்டின் தீவுகளோ ஆசுட்டெனைட்டிலிருந்து சில மைக்ரோமீட்டர் அளவில் பிறந்து, பெர்ரைட்டுடன் சேர்ந்தே சிறிது நெகிழவும் வல்லவை.

பிரஸ் பட்டறையில் ஏற்படும் சிக்கல்கள்

வளைத்த தகடு பிரஸ்ஸிலிருந்து விடுபட்டதும் சற்றே விரிந்துகொள்வதை மீள்தெறிப்பு என்பர். வளைக்கும்போது தகட்டில் இருந்த தகைவை மீட்சிக் குணகத்தால் வகுத்த அளவிற்கு இது அமையும். எல்லா எஃகுகளுக்கும் மீட்சிக் குணகம் ஏறத்தாழ 210 கிகாபாசுக்கல்தான். வலிமை மூன்று மடங்கானால் மீள்தெறிப்பும் அதே வீதத்தில் கூடும். மேலும் இரண்டு சிக்கல்கள் உள்ளன. ஒரு பக்கம் வளைத்ததை மறு பக்கம் வளைக்கும்போது நெகிழ்வு முன்னதாகவே தொடங்கும். 1880களில் பௌசிங்கர் கண்ட இவ்விளைவு, உள் தகைவுகள் நிறைந்த இருகட்ட எஃகில் மிக வலுவாக உள்ளது. அத்துடன், நெகிழ்ந்த தகட்டின் மீட்சிக் குணகமே பத்து விழுக்காடு அளவிற்குக் குறைந்துவிடுகின்றது. இவ்விரண்டையும் கணக்கில் கொள்ளாத கணினிக் கணிப்பின்படி வெட்டிய அச்சை மறுபடியும் வெட்ட நேரிடும். அச்சு செய்யும் செலவை அறிந்தவர்களுக்கு இதன் பொருள் புரியும்.

வெட்டிய விளிம்பு மற்றொரு பலவீனம். கத்தரித்த விளிம்பில் மென்மையான கட்டத்திற்கும் கடினமான கட்டத்திற்கும் இடையே நுண்துளைகள் தோன்றியிருக்கும். அவ்விளிம்பை விரித்தால், இழுவைச் சோதனையில் இருபது விழுக்காடு நீண்ட தகடும் அங்கே எளிதில் கிழியும். எனவே நீட்சி எண்ணைப் பார்த்து மட்டும் தகட்டைத் தேர்வது போதாது. துளையை விரித்துப் பார்க்கும் சோதனையும் வேண்டும். இரு கட்டங்களின் கடின வேறுபாடு குறைந்த பெயினைட்டு வகைகள் இச்சோதனையில் மேலானவை.

தடிப்பைக் குறைப்பதிலும் ஓர் எல்லை உண்டு. வலிமை கூடிவிட்டது என்று 1.0 மி.மீ. தகட்டிற்கு மாற்றாக 0.8 மி.மீ. தகட்டைப் போட்டால், வளைவை எதிர்க்கும் விறைப்பு தடிப்பின் மும்மடியைப் பொறுத்ததால் ஏறத்தாழப் பாதியாகிவிடும். எஃகின் எந்த நுண்கட்டமைப்பும் இதை ஈடு செய்யாது. பேருந்துக் கூடு கட்டுவதற்குப் பெயர்பெற்ற கரூர் போன்ற ஊர்களில் சதுரக் குழாய்களாலேயே கூடு அமைகின்றது. பேருந்து கவிழும்போது பயணிகள் இருக்கும் வெளி நசுங்கக்கூடாது என்பது இந்தியாவின் ஏ.ஐ.எஸ். 031 விதி. இதற்கு ஒப்பான ஐ.நா. 66ஆம் விதிமுறையில், 800 மி.மீ. உயரமுள்ள மேடையிலிருந்து பேருந்து பக்கவாட்டில் கவிழ்க்கப்படுகின்றது. அச்சோதனையில் தூணின் மூட்டுகள் நெகிழ்ந்து ஆற்றலை உறிஞ்சுகின்றன. அங்கே நெகிழ்வு வலிமை உதவும். ஆனால் குழாயின் சுவர் மிக மெலிந்தால் நெகிழும் முன்னரே மடங்கிவிடும்.

பற்றவைப்பும் சூடும்

பல்கட்ட எஃகின் வலிமை கலவையில் இல்லாமல் நுண்கட்டமைப்பில் இருப்பதால், சூடு அதைக் கலைத்துவிடும். மார்ட்டென்சைட்டு 200 °செக்கு மேல் படிப்படியாகப் பதம் இறங்கும். பற்றவைப்பின் இருமருங்கிலும் 700 °செ வரை சூடேறிய குறுகிய பட்டையில் தகடு மென்மையாகிவிடுகின்றது. 800, 1,000 மெகாபாசுக்கல் வகைகளில் இம்மென்பட்டையே முதலில் அறுவது உண்டு. ஆகவே பற்றவைக்கும் மூட்டு மிகுந்த சுமை வரும் இடத்தில் அமையாதபடி வடிவமைக்கின்றனர்.

விபத்தில் சிக்கிய வண்டியைச் சீர்செய்யும் பட்டறைகளில் இது இன்னும் கடுமையாகின்றது. மென்னெஃகு நாள்களில், நெளிந்த சட்டத்தை வாயு விளக்கால் சிவக்கக் காய்ச்சிச் சுத்தியலால் நிமிர்த்துவது வழக்கம். அதனால் பெரிய கெடுதல் இல்லை. சிவக்கும் வெப்பநிலை 600 °செக்கு மேற்பட்டது. இருகட்டத் தூணையோ போரான் எஃகுத் தூணையோ அவ்வாறு காய்ச்சி மெல்ல ஆறவிட்டால் மார்ட்டென்சைட்டு அழிந்து, 1,500 மெகாபாசுக்கல் பகுதி பாதி வலிமைக்கும் கீழே இறங்கும். வண்ணம் பூசிய பின் பார்ப்பதற்கு வேறுபாடு எதுவும் தெரியாது. அடுத்த மோதலில் மட்டுமே தெரியும். இதனால் தானுந்து நிறுவனங்களின் பழுதுநீக்கும் கையேடுகள் இத்தகைய பகுதிகளைச் சூடாக்கி நிமிர்த்துவதைத் தடை செய்து, குறிக்கப்பட்ட இடத்தில் வெட்டி எடுத்துப் புதிய பகுதியைப் பொருத்துமாறு கூறுகின்றன. எந்தத் தூண் எந்த வகை எஃகு என்பதைக் காட்டும் படமும் அக்கையேடுகளில் இருக்கும்.